அணிப் பெயரில் எழுதிய சேதி

கிசுமு,
பிப்ரவரி 9

அன்பு மகன் ஓகோலாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் தங்கை அபோண்டியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே உன்னோடு ஒரே தொழிலாளர் முகாமில் தங்கியிருக்கும் வாஞ்சாலா கொண்டுவருகிறான். விடுமுறைக்குத் தன் ஊரான புங்கோமாவுக்கு வந்தவன், நம் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை. அவன் மேல் கோபித்துக்கொள்ளாதே, உன்னைப் பற்றி நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பம் போனில் ஆடும் கால்பந்து லீக்கிலிருந்து நான் விலகிவிட்டேன். போன சனிக்கிழமை அபோண்டியிடம் போனைக் கொடுத்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். அவள், "நிஜமாத்தான் சொல்றியா அம்மா, அண்ணனைப் பார்க்க இருக்கிற ஒரே வழியும் போயிடுமே" என்று அழுதாள். எடு என்றேன். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் நீ கத்தார் போன மாதம்தான் உன் அப்பா என்னை அதில் சேர்த்தார். எனக்குப் பந்தாட்டம் என்றால் என்ன தெரியும். இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் பதினைந்து பேரைப் பொறுக்கு, அவர்கள் அங்கே கோல் போட்டால் நமக்கு இங்கே புள்ளி, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தார். நான் முகத்தைப் பார்த்துப் பொறுக்கினேன். சனிக்கிழமை தோறும் நீ போன் செய்து, "அம்மா, கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனைப் போய் கேப்டனா போட்டிருக்கியே" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் பல வாரம் வேண்டுமென்றே அடிபட்டவனைப் போட்டேன், இது உனக்குத் தெரியாது. அப்பா போனைப் பிடுங்கி உன்னோடு சண்டை போடுவார், அரை மணி நேரம் ஓடும், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைப்பார். எங்களுக்கு அந்த லீக் என்பது அதுதான்.

போன மார்ச்சில் அவர் செய்தது தப்பு. அன்றைக்கே அவரிடம் சொன்னேன். ஹோட்டல் அலுவலகத்தில் வேலை என்று நீ சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாய், நிஜத்தில் ராத்திரிக் காவல் வேலை என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் போய், "ராத்திரி கேட்டைக் காக்கிறேன்னு தூங்கி விழுறவன் டீம்ல கோல்கீப்பர் மட்டும் முழிச்சிருப்பானா" என்று அவர் எழுதினார். அவருக்கு அது வழக்கமான கிண்டல். உன் சித்தப்பா ஒலுவோச் சிரிக்கிற பொம்மை போட்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நீ குழுவை விட்டுப் போனாய், நம்பரை மாற்றினாய், எங்கள் யார் போனும் உனக்கு வராமல் போயிற்று. லீக்கை மட்டும் நீ விடவில்லை. அடுத்த சீசனுக்கும் வந்தாய். வாரா வாரம் உன் அணி மாறியது. அதைப் பார்த்துத்தான் நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டோம்.

உன் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கிற வாய் கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் ஆகஸ்டில் தன் அணியின் பெயரை "ஓகோலா, போன் பண்ணு" என்று மாற்றினார். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரைப் பேர் சொல்லிக் கேட்டான், என்ன ஓயூகி, இது ஒரு பெயரா என்று. மாற்றவில்லை. நீ யாரைக் கேப்டனாகப் போடுகிறாயோ அடுத்த வாரம் அவரும் அவனையே போட்டார். ஒரு வாரம் தாமதமாகப் போட்டால் என்ன புள்ளி வரும், கடைசி இடத்துக்குப் போய்விட்டார். "போகட்டும், பையனுக்குப் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார்.

அக்டோபரில் அவர் போன பிறகு உன்னை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா. பழைய நம்பர், உன் ஏஜெண்ட், நைரோபியில் இரண்டு அலுவலகம். எங்கும் பதில் இல்லை. நாலாம் நாள் சனிக்கிழமை மதியம், அந்த வாரத்துக்கு அணி மாற்றுகிற கெடு முடிந்ததும் அபோண்டி லீக்கைத் திறந்து பார்த்தாள். நீ கோல்கீப்பரை மாற்றியிருந்தாய். சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கோல்கீப்பரை மாத்த நேரம் இருக்கு அண்ணி, அண்ணனுக்குன்னா நேரம் இல்ல" என்றார். கோபம் அவருக்கு. எனக்கு என்ன தோன்றியதென்றால், இவன் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறான், இதில் எழுதினால் படிப்பான் என்று. அபோண்டி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. இருபது எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. என் அணிப் பெயரை அழித்துவிட்டு, "அப்பா இறந்தார், வா" என்று போட்டேன்.

அதற்குப் பிறகு உன் அணி மாறவே இல்லை. பன்னிரண்டு நாள் அவரைப் பிணவறையில் வைத்துக் காத்திருந்தோம். நம் சொந்த ஊர் நியாகாச்சில் அடக்கம் நடந்தபோது நீ மண் போட வேண்டிய இடத்தில் உன் சித்தப்பா போட்டார். போட்டுவிட்டு என்னிடம் வந்து, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணி" என்று சொல்லிக் குலுங்கி அழுதார். நீ வரவில்லையே என்று மூன்று மாதம் நான் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

வாஞ்சாலா வந்துதான் சொன்னான். அந்தச் சனிக்கிழமை வேலைக்கு வண்டி வந்து நின்றபோது நீ முகாம் படிக்கட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லையாம். பாஸ்போர்ட்டைக் கேட்டு மேலாளரிடம் நாலு முறை போனாயாம், ஒப்பந்தம் முடியாமல் தர முடியாது என்றார்களாம். எந்த முகத்தோடு வீட்டுக்குப் போன் செய்வேன் என்று அவனிடம் ஒரே ஒரு முறை சொன்னாயாம்.

மகனே, புள்ளிக் கணக்கு எழுதிய ஒரு பட்டியலில், நாலாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் நடுவில், பெற்ற அப்பன் போன சேதியை உனக்குப் படிக்கக் கொடுத்தேன். பக்கத்தில் தோளைப் பிடிக்க ஒருவர் இல்லை. இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை இனி என்னால் திறக்க முடியாது, உனக்கும் அதில் என் பெயர் கண்ணில் படக் கூடாது. அதனால்தான் விலகினேன்.

அன்றைக்குச் சொல்ல வேண்டியபடி இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. செவ்வாய்க்கிழமை காலை உன் அப்பா அஹேரோ ஊருக்குப் போவதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கஞ்சி குடித்திருந்தார். கை மரத்துப்போகிறது என்றார், கட்டிலில் உட்காரவைத்தேன், என் தோளில் சாய்ந்தார். நெடுநேரம் துன்பப்படவில்லை. முந்தின நாள் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. "அவன் செய்யறது நல்ல வேலைடி, ஊரே தூங்குறப்ப முழிச்சிருக்கான். இதை நான் அவன்கிட்ட சொல்லணும்" என்றார். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன்.

அபோண்டிக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, மே மாதம் சேர்கிறாள். நான் பள்ளிக்கூடச் சமையலுக்கு மறுபடி போகிறேன். ஒப்பந்தம் முடிகிறவரை அங்கே யாரிடமும் சண்டைக்குப் போகாதே, வெயிலில் தலையை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. வாஞ்சாலா பையில் காயவைத்த ஒமேனா மீன் கொடுத்திருக்கிறேன், பிரித்து வெயிலில் ஒரு நாள் போட்டு வை.

கடவுள் உன் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும். என் நம்பர் பழையதுதான். பேச வாய் வரவில்லை என்றால் ஒரு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடு. நான் திருப்பிக் கூப்பிட்டு எதுவும் கேட்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
கொன்சொலாட்டா