முப்பத்தாறு சோப்பும் இரண்டு பனியனும்

மார்ச் 12, வியாழன்

பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் பழுது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மோட்டாரில் ஒன்றுமில்லை, ஐந்தாம் மாடிப் பொத்தான்தான் உடைந்து உள்ளே போயிருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் விரலால் அழுத்துவதில்லையாம். பேனா, சாவி, குடைக் கம்பி. காய்ச்சல் பயம். இந்த வாரத்தில் நான் மாற்றும் நான்காவது பொத்தான் இது.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். திங்கள் முதல் இவளைப் போன்ற காய்ச்சல் வார்டு நர்ஸுகள் எல்லோரும் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்க வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பெரியவளுக்குப் பதினாலு, சின்னவளுக்கு எட்டு. எனக்கு நாற்பத்து மூன்று. சமாளிக்க முடியாமலா போகும்?

மார்ச் 14, சனி

கடையில் இன்று நான் இருந்த லட்சணத்தை எழுதி வைக்க வேண்டும். பின்னால் மறந்துவிட்டு யோக்கியன் மாதிரி பேசிக்கொண்டு திரிவேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். பெரியவள் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். "ஒண்ணுமில்லப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. இருபது கிலோ அரிசி எடுத்தேன். பக்கத்திலிருந்தவர் நாற்பது எடுத்ததைப் பார்த்து இன்னொரு இருபது. மாவு, எண்ணெய், பால் பவுடர், பிஸ்கட். மெழுகுவர்த்தி எதற்கு? எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். சோப்பு முப்பத்தாறு. நாங்கள் என்ன சோப்பையா சாப்பிடப் போகிறோம்?

கடைசியாக சோப்புத் தூள். ஒரே ஒரு டப்பா இருந்தது. ஒரு கை அதைப் பிடித்துவிட்டிருந்தது. நான் பிடுங்கினேன். உண்மையாகவே பிடுங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் தையல்காரம்மா. அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். நான் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் போய்விட்டாள். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் பேசலாமாம்.

மார்ச் 19, வியாழன்

ஊரடங்கு. கடைகள் காலையில் மூன்று மணி நேரம் மட்டும். லிஃப்ட், மின்சாரம், தண்ணீர்க் குழாய் வேலைக்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு தந்திருக்கிறார்கள். அலமாரியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எல்லாம் இருக்கிறது. ஊரே பட்டினி கிடந்தாலும் என் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது என்று ஒரு கர்வம்.

மார்ச் 21, சனி

பெரியவள் சாப்பிட வரவில்லை. வயிற்று வலி என்றாள். முகம் வெளிறியிருந்தது. நாலு தடவை காய்ச்சல் பார்த்தேன். இல்லை. ஐந்தாவது தடவை போனபோது, "என்னை விட்டுடுங்கப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இருமல் உண்டா, மூச்சு வாங்குதா, வாசனை தெரியுதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தெரியாது தெரியாது என்றேன். பெத்த அப்பனுக்கு ஒண்ணுமே தெரியலியே என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் இவள் பேசியபோது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். பெரியவள் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். சொல்லவில்லை. செய்தது சரியா?

மார்ச் 22, ஞாயிறு

துவைத்து மடித்து வைத்த பனியனில் இரண்டைக் காணோம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பகுதி மட்டும் கிடந்தது. சின்னவள் பொம்மைக்குச் சட்டை தைக்க வெட்டியிருப்பாள் என்று பிடித்துத் திட்டினேன். அவள் உதடு பிதுங்கி அழுதாள்.

"நான் இல்ல. அக்காதான் வெட்டினா. அவளுக்கு அது தீந்துபோச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

எது தீர்ந்துபோச்சு என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்புறம் எனக்கே புரிந்தது.

சமையலறையில் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தாறு சோப்பு. நாற்பது கிலோ அரிசி. மெழுகுவர்த்தி. அது மட்டும் ஒரு பாக்கெட் இல்லை. அன்றைக்கு வாசலில் நின்றாளே — அதைச் சொல்லத்தான் நின்றாள். நான் என்ன முகத்தோடு நின்றிருந்தேனோ, சொல்ல வரவில்லை அவளுக்கு. இவ்வளவு வருஷமும் அவள் அம்மாதான் மாதாமாதம் வாங்கி, காகிதத்தில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைப்பாள். நான் பார்த்தும் பார்க்காதவன்.

இதோ, இதில்கூட "அது" என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

நாப்கின். எழுதியாச்சு.

மார்ச் 23, திங்கள்

மூன்று கடை. எதிலும் இல்லை. மருந்துக் கடையில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் குனிந்து மெல்லக் கேட்டேன். முகக்கவசம் வேறு. "சத்தமா சொல்லுங்கண்ணே" என்றாள் கடைக்காரப் பெண். மறுபடி சொன்னேன். "காது கேக்கல." மூன்றாவது தடவை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். முதல் வாரமே தீர்ந்துவிட்டதாம். லாரியில் இப்போது மருந்துதான் வருகிறதாம், மற்றது எப்போது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்க வீட்லயும் இல்லண்ணே" என்று சொன்னாள், தன்னைப் பற்றி, சாதாரணமாக. அந்தச் சாதாரணம் எனக்கு ஏன் வரவில்லை?

வீட்டுக்கு வந்து பெரியவள் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். என்ன சொல்வது? பாதி வாழ்நாள் மோட்டாரோடு பேசியவன். "கண்ணு, பனியன் போனா போகுது. இன்னும் நாலு இருக்கு, புதுசு. வாசல்ல வெச்சிருக்கேன். வெட்டிக்க."

போகலாம் என்று திரும்பியபோது குரல் வந்தது.

"கத்தரிக்கோல் மொட்டையா இருக்குப்பா."

"குடு, சாணை பிடிச்சுத் தரேன்."

கதவு கொஞ்சம் திறந்தது. கத்தரிக்கோல் மட்டும் வெளியே வந்தது. வேலைப் பையிலிருந்து அரத்தை எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன். ஒரு இழை நூலைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தேன், சத்தமில்லாமல் அறுந்தது. இந்த வாரத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

மார்ச் 24, செவ்வாய்

பனியன் துணி சரிப்படவில்லை, கசிகிறது. சின்னவள்தான் வந்து சொன்னாள். இப்போது அவள்தான் எங்கள் இருவருக்கும் தூது. தைக்கத் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். தையல்காரம்மாவிடம் போக எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. போனேன். அந்த சோப்புத் தூள் டப்பாவையும் பன்னிரண்டு சோப்பையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு.

கதவைத் திறந்து பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் கையிலேருந்து பிடுங்கினது நீங்கதானே தம்பி?"

"நான்தான்க்கா."

"வெறி பிடிச்ச மாதிரி இருந்தீங்க."

"பயம்க்கா."

பையை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு, "எனக்கும்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு டப்பா எடுத்துக் கூடையில போட்டுட்டேன், உங்களுக்குத் தெரியாது" என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன், ஆனால் முழுதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கட்டடத்திலேயே ஆறு வீட்டில் இதே பாடு, யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றார். மெஷின் இருக்கிறது, நூல் இருக்கிறது, நல்ல பருத்தித் துணிதான் இல்லை. பழைய துண்டு, மெத்தை விரிப்பு, எது கிடைத்தாலும் கொதிக்க வைத்து அடுக்கடுக்காக வைத்துத் தைத்துவிடலாம். "துணி மட்டும் கொண்டாங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

மார்ச் 25, புதன்

வீடு வீடாகத் துணி கேட்டுப் போனேன். முதல் வீட்டில் எதற்கு என்று கேட்டதும் "பொதுக் காரியத்துக்கு" என்றேன். பழைய திரைச்சீலை ஒன்று கொடுத்தார்கள், நைலான். இரண்டாம் வீட்டில் "பெண்களுக்கு" என்றேன். புடவை கொடுத்தார்கள். சுற்றி வளைத்தால் வேலைக்கு ஆகாது என்று புரிந்தது.

இரண்டாம் மாடியில் ரிட்டையரான வங்கி அதிகாரி. தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. "கடையில நாப்கின் இல்ல சார். தைக்கப் போறோம். பருத்தித் துணி வேணும்" என்றேன், ஒரே மூச்சில். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய்விட்டார். சரி, கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஆறு புதுத் துண்டோடு வந்தார், பெட்டியே பிரிக்காதவை. "போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 27, வெள்ளி

கட்டடத்து லிஃப்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருக்கிறேன். துணியைப் போட்டு மூன்றை அழுத்தினால் தையல்காரம்மாவுக்குப் போகும். தைத்தது கீழே வரும். யாரும் யாரையும் தொட வேண்டாம். பதினெட்டு வருஷ சர்வீஸில் இப்படியொரு லோடு ஏற்றியதில்லை.

பெரியவள் வெளியே வந்துவிட்டாள். அட்டையில் அளவு வரைந்து துணி வெட்டித் தருவது அவள் வேலை. தைத்து வந்த ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு சீட்டு வைக்கிறாள், அவள் கையெழுத்தில்: "வெந்நீரில் துவைக்கவும். நல்ல வெயிலில் காயவைக்கவும். மறைத்துக் காயவைக்கக் கூடாது."

கடைசி வரியை நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மொட்டை மாடியில் இரண்டு கொடி நிறைய நாப்கின். வங்கிக்காரர் தன் வேட்டியை அதற்குப் பக்கத்திலேயே காயப்போட்டுவிட்டு, மழை வருமா என்று என்னிடம் கேட்டார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு.

ஏப்ரல் 1, புதன்

இன்று பெரியவளே போனை வாங்கி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பனியன், கத்தரிக்கோல், கூடை, ஒன்று விடாமல். அந்தப் பக்கம் அழுகிறாளோ என்று பயந்து போனை வாங்கினேன்.

"இங்க எங்களுக்கும் இல்லங்க" என்றாள். "அந்தப் பாதுகாப்பு உடுப்பை ஒரு தடவை போட்டா எட்டு மணி நேரத்துக்குக் கழட்ட முடியாது. என்ன செய்யறோம்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? மேலிடத்துல கேட்டா, முகக்கவசமே இல்லாதப்ப இதுவான்னு கேக்கறாங்க."

இவளும் என்னிடம் சொல்லவில்லை. மகள் மட்டுமில்லை.

"எத்தனை வேணும்?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 4, சனி

தையல்காரம்மா மூன்று நாள் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாங்கள்தான் சோறு அனுப்பினோம், அதே கூடையில். என் மூட்டை அரிசி கட்டடம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. சோப்பு ஆறுதான் மிச்சம். பகீர் என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்தே அழைப்பு வந்தது, நோயாளிப் படுக்கை ஏற்றும் லிஃப்ட் கதவு மூடமாட்டேன் என்கிறது என்று. நோயாளிகளைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கருவிப் பையோடு அறுபது நாப்கினையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் காவலாளி இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

கதவுக்கு ஒன்றுமில்லை. தினமும் கிருமிநாசினி அடித்து அடித்து சென்சார் கண்ணில் வெள்ளையாகப் படலம் கட்டியிருக்கிறது. குறுக்கே ஆள் நிற்பதாக நினைத்துக் கதவு திறந்துகொண்டே இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தேன். மூடியது. முதல் சவாரியிலேயே ஆக்சிஜனோடு ஒரு பெரியவரை ஏற்றினார்கள். கதவு மூடி அவர் மேலே போகும்வரை நின்று பார்த்தேன்.

முற்றத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள் இவள். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் வந்தாள். இளைத்திருந்தாள். மூக்கின் மேல் கவசம் அழுத்திய காயம். கட்டு அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, கையில் வைத்திருந்தாள். கையாட்டவில்லை. அந்தக் கட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

போனில்: "அறுபதும் பத்து நிமிஷத்துல போயிடுச்சு. யார் கொண்டுவந்தாங்கன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர்னு சொன்னேன். யாரும் நம்பல."

ஏப்ரல் 19, ஞாயிறு

தெருக்கோடிக் கட்டடத்திலும் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்திருக்கிறது. பெரியவளின் அளவு அட்டை அங்கே போயிருக்கிறது. சீட்டு எழுதி எழுதி அவள் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

மே 17, ஞாயிறு

வந்துவிட்டாள். இரண்டு மாதம். சின்னவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பெரியவள் சமையலறையிலிருந்து, "அப்பா, எனக்கு நாப்கின் முடியப்போகுது, நாளைக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க" என்று குரல் கொடுத்தாள். ராத்திரிக்கானதா, பகலுக்கானதா என்று கேட்டேன். ரெண்டும் ஒவ்வொண்ணு என்றாள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இவள், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மே 18, திங்கள்

கடையில் அலமாரிகள் நிறைந்திருக்கின்றன. நாப்கின் வரிசையில் பேருந்து டிரைவர் சட்டையில் ஒருவர், கையில் போனோடு, பாக்கெட்டுகளை எடுப்பதும் வைப்பதுமாக நின்றிருந்தார். யாராவது வந்தால் பக்கத்திலிருந்த ஷாம்பூவைப் பார்ப்பது போல நகர்ந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எத்தனை வயசு?" என்று கேட்டேன்.

மிரண்டு பார்த்தார். பிறகு, "பன்னெண்டு. முதல் தடவை. அவ அம்மா வேற ஊர்ல மாட்டிக்கிட்டா" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீளமானது ராத்திரிக்கு, மெல்லியது பள்ளிக்கூடத்துக்கு, வாசனை போட்டது வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அரிக்கும். எந்த வெட்கமுமில்லாமல், ஒயர் நிறம் சொல்லிக் கொடுப்பது போலத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டார். ஏழெட்டு இருக்கும். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் கூடையைப் பார்த்தார்.

"நாளைக்கும் கிடைக்கும்ல?"

"கிடைக்கும்" என்றேன்.

இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அலமாரியில் திருப்பி அடுக்கினார், வரிசை கலையாமல்.