விசுவாச மீட்டரும் என் காய்ந்த கையும்

திண்டிவனம்
7.11.2025

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்கிறேன், வாராவாரம் போனில் நீயே சொல்கிறாய் என்றாலும் கடிதம் என்று எடுத்தால் இதைக் கேட்காமல் என் கை அடுத்த வரிக்குப் போகாது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், ஸ்பீக்கரில் போட்டால் நான் பாதிதான் பேசுவேன், நீயும் பாதிதான் பேசுவாய். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குத் தேவலை, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். மழையில் சமையல்கட்டுச் சுவரில் ஓதம் இறங்கியிருக்கிறது, தை பிறந்ததும் கொத்தனாரை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் அம்மா கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையும் கேப்பை மாவும் இருக்கும். ஒரு புத்தகமும் ஒரு பென் டிரைவும் இருந்திருக்க வேண்டும், அவற்றை நான்தான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது, நீ இப்போது கோயிலுக்குப் போவதில்லை, ஆண்டவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் உனக்கு இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயே, அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கூப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு, நீ கோபப்படுவாய், அவள் அழுவாள். இப்படியே இருந்தால் கிறிஸ்துமஸுக்கு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்று போன மாதம் நீ சொன்னது எனக்கும் சுருக்கென்றது. நீ ஜெர்மனியிலிருந்து கடைசியாக ஊருக்கு வந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா இதை விழுப்புரத்தில் இருக்கும் உன் பிரான்சிஸ் மாமாவிடம் சொல்லி அழுதாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு எதற்கும் ஒரு வழி கையில் இருக்கும். விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது, கடவுள் இருப்பதை இயற்பியலாலும் கணிதத்தாலும் ஒருவர் நிரூபிக்கிறார், வந்து கேளுங்கள், அவர் புத்தகத்தையும் பேச்சு அடங்கிய பென் டிரைவையும் வாங்கி இசைவாணிக்கு அனுப்புங்கள், படித்தவளுக்குப் படித்தவர் சொன்னால்தான் ஏறும் என்றான். அம்மாவுக்கும் உயிர் வந்தது போல ஆகிவிட்டது. நீ அதைப் படித்தால் மனசு மாறுவாய், மனசு மாறினால் வீட்டுக்கு வருவாய் என்று கணக்குப் போட்டுவிட்டாள். போன மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும், என் வண்டியை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினோம்.

பேச்சாளர் கோட்டு சூட்டு போட்டு நன்றாகத்தான் பேசினார். ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது, ஆகவே ஆன்மா அழியாது, ஆகவே கடவுள் உண்டு என்றார். நான் காலேஜ் பிசிக்ஸ் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்து டெக்னீஷியனாக ரிட்டயர் ஆனவன், புரொபசர் இல்லை, ஆனாலும் முப்பத்துமூன்று வருடம் அந்தப் பாடத்தைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். குளிக்க வைத்த வெந்நீர் ஆறிப்போனால் அந்தச் சூடும் அழியவில்லை, சுவருக்கும் காற்றுக்கும் போயிருக்கிறது, அதற்காக அந்த வெந்நீர் எங்கோ வெந்நீராகவே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து, எதையும் அப்படியே விட்டால் ஒழுங்கு குலையும், உலகம் ஒழுங்காக இருக்கிறது, ஆகவே ஒருவர் அடுக்கிவைத்திருக்கிறார் என்றார். நம் பக்கத்து கெமிஸ்ட்ரி லேபில் மயில்துத்தக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் பட்டை தீட்டினது போல நீலக்கல் தொங்குமே, அதை யார் உட்கார்ந்து அடுக்கினார்கள். ஒரு இடத்தில் ஒழுங்கு கூடினால் சூடு வெளியே போய் வேறு இடத்தில் குலையும், மொத்தத்தில்தான் அந்த விதி பேசுகிறது, அந்தப் பாதியை அவர் வாயே திறக்கவில்லை. பிறகு வேதாகமத்தில் வெளிச்சம் என்று வருகிற வசனத்தின் எழுத்துகளை எண்ணி, பெருக்கி, ஓர் இடத்தில் மட்டும் ஏழால் வகுத்து, ஒளியின் வேகம் 2,99,792 என்று கொண்டுவந்து நிறுத்தினார், மண்டபமே கை தட்டியது. அது கிலோமீட்டரில். கிலோமீட்டர் என்பது மனிதர்கள் இருநூறு சொச்சம் வருடத்துக்கு முன்னால் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட அளவு, அதே வேகம் மைலில் 1,86,282 ஆகிவிடும், ஆண்டவர் எதற்காகக் கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே நானும் செய்து பார்த்தேன். நம் ரேஷன் கார்டின் கடைசி இரண்டு எண் 49, வண்டி ஸ்டாண்டில் கொடுத்த டோக்கன் 20, பெருக்கினால் 980, புவியீர்ப்புக்கு லேபில் நாம் எழுதும் அதே எண். ரேஷன் கார்டுக்கும் ஒரு கூட்டம் போடலாம். நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதே, எதிர்வீட்டு சக்கரபாணி சார் போன வாரம் பெருமுக்கல் மலைக்கோயிலும் திருவாமாத்தூர்க் கோயிலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, பார்த்தீர்களா அதிசயத்தை என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். இரண்டு இடம் என்றால் எப்படியும் நேர்கோட்டில்தான் சார் இருக்கும், மூன்றாவது ஒன்று சொல்லுங்கள் என்றேன், தேடிக்கொண்டிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நான் சிரித்துவிட்டு வந்திருப்பேன். கடைசியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், குவாண்டம் அதிர்வு மானியாம், நான் அதை விசுவாச மீட்டர் என்றுதான் சொல்கிறேன். முகப்பில் முள் ஓடும் மீட்டர், நூறு வரைக்கும் கோடு, ஒயர் மாட்டிய இரண்டு பித்தளைக் குழாய். குழாய்களை ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஜெபித்தால் விசுவாசத்தின் அதிர்வை முள் காட்டுமாம். பிரான்சிஸ் உன் அம்மாவை எழுப்பி அனுப்பினான். அவள் அதுவரை உன்னை நினைத்து அழுதுகொண்டு கண்ணைக் கையாலும் முந்தானையாலும் துடைத்துக்கொண்டே இருந்தவள், மண்டபத்தில் ஓடினது இரண்டு ஃபேன், கையெல்லாம் ஈரம். அருள் நிறைந்த மரியே சொன்னாள், முள் எண்பதுக்குப் போனது. ஈஸ்டருக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டர் எதையும் தொடுவதற்கு முன்னால் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வது எனக்கு முப்பத்துமூன்று வருடப் பழக்கம், ஈரக்கையோடு தொடாதே என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். யோசிக்காமல் துடைத்தேன், பிடித்தேன், மனசாரத்தான் ஜெபித்தேன், முள் ஐந்தைத் தாண்டவில்லை. பேச்சாளர் சிரித்துக்கொண்டே, “ஐயாவுக்கு விசுவாசம் கொஞ்சம் கம்மியா இருக்கு, எல்லாரும் ஐயாவுக்காக ஜெபம் பண்ணுங்க” என்று மைக்கில் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான், ஈரக்கை கரண்டை விடும், காய்ந்த கை விடாது. ஒரு ஈரத்துணியை இரண்டு குழாய்க்கும் நடுவில் கட்டிக் காட்டியிருந்தால் கூட்டம் அங்கேயே கலைந்திருக்கும். அம்மா முகத்தைப் பார்த்தேன், குழாய்களை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “பொண்ணு எங்கருந்து கத்துக்கினான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்றாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் வேண்டியதற்கு மட்டும்தான் பேச்சு. எனக்கும் ரோஷம், ரிட்டயர் ஆனபோது டிபார்ட்மெண்டில் எனக்குப் பரிசாகக் கொடுத்த முள் மல்டிமீட்டரைப் போன செவ்வாய்க்கிழமை அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டு எவர்சில்வர் கரண்டியை மாட்டி, அவளை உட்காரவைத்தேன். காய்ந்த கையோடு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னேன், முள் சும்மா கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், மும்பதினாறு நாற்பத்தெட்டு சொல்வதற்குள் ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்த அந்த நிமிடத்தில் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ அன்னிக்கு நான் அழுததும் பொய்யாங்க” என்று கேட்டாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது இசை. மீட்டர் பொய் என்று காட்டத்தான் நினைத்தேன், அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். “நீ அழுதது நெசம், அதுல ஈரம் மட்டும்தான் அந்த மீட்டருக்குத் தெரியும்” என்றேன். அவள் எழுந்து போய் மண்டபத்தில் வாங்கிய அந்தப் புத்தகத்தையும் பென் டிரைவையும் எடுத்துவந்து, எப்படியாவது இருக்கட்டும், பார்சலில் வைத்துக் கட்டுங்கள் என்றாள்.

கட்ட என்னால் முடியவில்லை. உனக்கே தெரியும், பிராக்டிகல் அன்றைக்குப் பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவார்கள், ரீடிங் சமைக்கிறது என்று அதற்குப் பெயர். இந்த நிரூபணங்கள் எல்லாம் சமைத்த ரீடிங்தான். நானும் பாவம் பார்த்து எத்தனையோ பேருக்குச் சமைத்துக் கொடுத்திருக்கிறேன். நம் காலேஜிலேயே நீ எழுதிய மூன்றாம் வருடப் பிராக்டிகல் பரீட்சையில் உனக்கு ஊசல் வந்தது, கணக்குப் பார்த்தபோது புவியீர்ப்பு 1034 என்று வந்து நின்றது. தண்ணீர் வைப்பது போல வந்து 980 வருகிற ரீடிங்கைச் சீட்டில் எழுதி டம்ளரோடு வைத்தேன். நீ அதைத் திறந்து பார்த்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, 1034 என்றே எழுதினாய். எட்டு மார்க் போனது, வீட்டுக்கு வந்ததும் அட்டெண்டர் பெண்ணுக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று உன்னைத் திட்டினேன். அப்படிச் சொன்னதற்கு இப்போது வருத்தப்படுகிறேன், என்னை மன்னித்துவிடு. ஈஸ்டருக்கு நீ அம்மாவிடம் சொன்னதும் உனக்கு வந்த ரீடிங்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வந்தது வேறு. என் அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர், பகல் முழுக்கக் குனிந்தே இருந்தவர் சாயங்கால ஜெபத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த நம்பிக்கை இது. இது நிரூபணம் இல்லை, யாரிடமும் காட்டி மார்க் வாங்க முடியாது, எனக்குப் போதும். நீ நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை உன் மேசையில் சீட்டு வைக்க நான் வரமாட்டேன். அம்மாவிடமும் இனிமேல் போனில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறேன், நீயும் அவள் ஜெபமாலை சொல்லும் நேரம் பார்த்துக் கூப்பிடாதே.

இதுவரைக்கும் எழுதியதை அம்மாவுக்குத் தெரியாமல் ஒட்டி அனுப்ப மனசு வரவில்லை, இப்போதுதான் முழுவதும் படித்துக் காட்டினேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், சீட்டு விஷயம் வந்தபோது மட்டும் தேய்ப்பதை நிறுத்தினாள், எனக்கு இது ஏன் தெரியாது என்று கேட்டாள். புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தைலப் புட்டியை மூடிவைத்துவிட்டு, தான் சொல்வதையும் எழுதச் சொன்னாள். “டிக்கெட்ட ஜல்தியா போடச் சொல்லுங்க. அவ பூசைக்கு வரலன்னா போவுது. நாம போய்ட்டு வர்றப்போ வூட்ல கதவத் தொறக்க ஒரு ஆள் இருக்கட்டும்.” இத்தனை வருடமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், நாமே திறந்துகொண்டுதான் வருகிறோம், ஆனாலும் அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும் என்றுதான் நான் முடிப்பேன், அது என் பழக்கம், நீ பொறுத்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. டிக்கெட் போட்டதும் என்னைக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்.

அன்புள்ள அப்பா,
மாசிலாமணி