பல்பு அலமாரியில் வைத்த பேனா

என் பிரிய லோகா,

உன்னைப் பற்றி உருக்கமாக நாலு வரி எழுதித் தரச் சொல்லிப் பொங்கல் மலர்க்காரர்கள் கேட்டார்கள். உருகத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. அந்தப் பேனாவை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நீ மஞ்சள் காமாலையில் போனபோது நம் சர்வே ஆபீஸில் நிகோபாரின் கேம்பல் பே வரைபட ஷீட் பாதியில் நின்றது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு அங்கே போய் இறங்கியவர்களுக்கு அளந்து கொடுக்க வேண்டிய மனைகள். கஞ்சி போட்ட டிரேசிங் துணியின் மேல் பாதியில் உன் மைக்கோடுகள். கீழ்ப் பாதியில் அடியிலிருக்கும் பென்சில் படம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. உன் மாமா கப்பலில் கொண்டுவந்து கொடுத்த அந்த ஊசிமுனைப் பேனாவோடு சேர்த்து, மீதியை முடிக்கச் சொல்லி நம் மேலதிகாரி தாஸ் பாபு என்னிடம் தந்தார்.

உன் காரியம் முடிந்து துணியை விரித்து உட்கார்ந்தேன். பேனா ஒரு கோடு போடவில்லை.

நீ குலுக்கினால் உள்ளே இருக்கும் கம்பி டக் டக்கென்று தட்டும். நான் குலுக்கினால் சத்தமே இல்லை. மையைக் கொட்டிவிட்டுப் புது மை ஊற்றினேன். வெந்நீரில் முனையை நனைத்தேன். ஒரு சொட்டு வந்தது, கோடு வரவில்லை. நம்மோடு படம் போடும் குருப் சேட்டன் வந்து, வாயில் வைத்து ஊதினால் சரியாகும் என்றார். ஊதினேன். மூக்கிலும் தாவணியிலும் மை. ஆபீஸே சிரித்தது. அடுத்த மேஜையிலிருந்து ஒருவர் ஜட்கா தோ, ஜட்கா தோ என்று கையை உதறிக் காட்டினார். உதறினேன், சுவரில் புள்ளி விழுந்தது. இன்னொருவர் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். அதை மட்டும் நான் ஊற்ற விடவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது. "கம்பி வளைஞ்சா பேனா செத்துச்சு" என்று நீ யாரையோ அதட்டியது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு அதட்டத் தெரிந்தவளுக்கு மீதியையும் சொல்லத் தெரியாதா?

வேறு பேனாவில் போடலாம்தானே என்பாய். ஆபீஸ் பேனாக்களில் கோடு தடித்து விழுகிறது. மேலே மெலிந்தும் கீழே தடித்தும் இருந்தால், தடித்த கோட்டைச் சாலை என்று படித்துவிடுவார்கள். யாரோ ஒருவருடைய வீட்டு மனை நடுத்தெருவாகிவிடும். தாஸ் பாபு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நஹி சலேகா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார். ஆகலேன்னா குருப் புதுசா போடட்டும். ஷீட்டை ஏத்திக்கிட்டுப் போற ஜஹாஸ் நிக்காது."

அப்படியானால் உன் துணி என்னவாகும்? உனக்குத் தெரியாதா, நம் ஆபீஸ் வழக்கம். கெட்டுப்போன துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கஞ்சி போய் மல் துணி மாதிரி ஆகிவிடும். கைக்குட்டை தைத்துக்கொள்வார்கள். குருப் சேட்டன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல துணியாணு" என்றார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆனாலும் நீ கடைசியாகப் போட்ட கோடுகளில் அவர் மூக்கைத் துடைப்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. பேனா மேல், குருப் மேல், உன் மேல்.

பேனாவை நான் அலட்சியமாகவா வைத்திருந்தேன்? நம் ஊரில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எங்கே வைப்போம்? ஈரம் அண்டாமல் பல்பு எரியும் அலமாரியில். மழை மாதங்களில் செருப்பு கூடப் பூஞ்சை பூக்கும் ஊர் இது. சிப்பிகாட்டில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் இல்லை என்பதால் என் பி.ஏ. சான்றிதழையே ஆபீஸ் அலமாரியில் வைக்கச் சொன்னார் அப்பா. எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் பார்த்திராத காகிதம். அதற்குப் பக்கத்தில், அதே பல்புக்குக் கீழே, கைக்கு வந்த அன்றைக்கே உன் பேனாவையும் வைத்துப் பூட்டினேன். அதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும், சொல்.

வியாழக்கிழமை சாயங்காலம் கராச்சர்மா பஸ் ஏறினேன். காரியத்துக்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. என்ன பேசுவது என்று பயம். "வாயை வீட்டுலயே வெச்சுட்டு வந்தியாடி?" என்று நீ கேட்பாயே, அதே வாய்தான் இன்னும்.

உன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். நான் பேனாவைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் அவருக்கு உன் மேல் இருந்த பழைய கோபமெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"அந்தப் பேனாவா? தினம் காலையில ஒரு துணிய நனைச்சுப் புழிஞ்சு சோப்பு டப்பாக்குள்ள வெச்சு, அதுக்குள்ள பேனாவைப் படுக்க வெப்பா. எல்லாரும் காயவெக்கப் படாதபாடு படுறாங்க, நீ நனைக்கிறியேடி, பாகல் ஆயிட்டியான்னு கத்துவேன். கேட்டாளா? காஞ்சா மை உள்ளயே கல்லாயிடும்மான்னு சொல்லுவா."

சோப்பு டப்பா! உன் கைப்பையில் பார்த்திருக்கிறேனே. ஆபீஸில் முகம் கழுவ வைத்திருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன். அதே அலமாரி சான்றிதழைக் காப்பாற்றியது, பேனாவைச் சுட்டுவிட்டது. இத்தனை நாள் உன் பேனாவை நான் வாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்தார். துணி விறைத்துக் கிடந்தது. பிரித்தேன். கஞ்சி போன டிரேசிங் துணி. ஒரு மூலையில் மை முழுக்கப் போகாமல் படத்தில் வடக்கைக் காட்டப் போடும் அம்பு, சாய்ந்து, கிழக்கைப் பார்த்துக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்டது. தாஸ் பாபு கிழித்துப் போடச் சொன்னது. அதை எப்போது எடுத்துக்கொண்டாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அன்று உன் வீட்டிலேயே தங்கினேன். சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் முனையை ஊறவிட்டோம். தண்ணீர் கறுக்கக் கறுக்க அம்மா மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஈரத்துணியில் சுற்றிப் படுக்க வைத்தோம். காலையில் பஸ்ஸில் வரும்போது பயந்து பயந்து குலுக்கினேன். டக் டக். பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தலை நிமிராமல் போட்டேன். உன் கோடு எங்கே முடிந்தது, என் கோடு எங்கே தொடங்கியது என்று தாஸ் பாபு பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை. மூலைக் கட்டத்தைக் காட்டி, "உன் பேர் போடு, செல்வி" என்றார். அந்தக் கட்டத்தில் முடித்தவர் பேர் மட்டும்தான் போடுவார்கள், உனக்கே தெரியும்.

"தோனோ கா, ஸார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன். "ரெண்டு பேரும், ஸார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மை பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

கட்டம் சின்னது. உன் பேரை முதலில் எழுதினேன். இடம் போதாமல் என் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ஷீட் கப்பலில் போய்விட்டது. அங்கே யாரோ உன் கோட்டின்மேல் வேலி போடுவார்கள்.

இனி தினமும் காலையில் அந்தத் துணியை நனைப்பேன். மாதம் ஒருமுறையாவது கராச்சர்மாவுக்குப் போய் உன் அம்மாவிடம் திட்டு வாங்குவேன். உன்னைத் திட்டும்போதுதான் அவர் கொஞ்சம் சாப்பிடுகிறார். பல்பு அலமாரியில் இனி என் சான்றிதழ் மட்டும் இருக்கும்.

அக்கா என்று கூப்பிட ஒருநாளும் நீ விடாத உன் தங்கை,
செல்வி