எண்ணெய்க்குடம் எதிரே வந்த நாட்கள்

1938 ஜூன் 9, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மறுபடியும் ஐந்தாம் வகுப்புதான் என் தலையில்.

சாயங்காலம் ஹாலாஸ்யம் என்ற வீட்டுத் தரகரை அண்ணா கையோடு கூட்டிவந்தார். தனியாக வீடு வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்! "ஒத்தைப் பொம்மனாட்டி எங்கே போய்த் தேடுவே ஜானு? தெரிஞ்சவர் கூட இருந்தா நல்லது" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் அகத்துக்காரர் போனதிலிருந்து அண்ணாவின் இந்த வாடகை வீட்டின் பின்கட்டில்தான் இருக்கிறேன். சம்பளம் வந்ததும் மன்னி கையில். ட்யூஷன் பணமும் விற்ற வளையல்களும் மட்டும் என்னுடையவை. அண்ணா நல்லவர்தான். நான்தான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

ஜூன் 12, ஞாயிறு

பழங்காநத்தத்தில் ஒரு வீடு பார்க்கக் கிளம்பினோம். வண்டி அந்தத் தெருமுனையில் திரும்பியதும் எதிரே ஒரு ஆள், தோளில் எண்ணெய்க்குடம். ஹாலாஸ்யம் வண்டியை நிறுத்தச் சொன்னார். "வீடு வாங்கற காரியம். சகுனம் சரியில்லே, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்." எனக்கும் பகீரென்றது. திரும்பிவிட்டோம்.

ஜூன் 15

அந்த வீடு விற்றுப்போயிற்றாம், ஹாலாஸ்யம் சொன்னார்.

ஜூன் 26, ஞாயிறு

இன்று பரவைப் பக்கம். ஊருக்குள் நுழையும்போதே மறுபடி எண்ணெய்க்குடம். மறுபடி திரும்பினோம்.

எனக்கே சிரிப்பாக வருகிறது. காலையில் அண்ணா ஆபீஸ் கிளம்பும்போது நான் ரேழியில் நின்றால், உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். எனக்கு எதிரே வரக்கூடாதென்று சந்துக்குள் ஒதுங்கும் மனுஷர்கள் உண்டு. அப்படிப்பட்ட நான் ஒரு குடத்தைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறேன்! படித்து என்ன, பாடம் சொல்லிக்கொடுத்து என்ன?

இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. இந்தப் பணம் கைவிட்டுப் போனால் இன்னொரு தரம் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

ஜூலை 10, ஞாயிறு

எழுதியே தீரவேண்டும்.

இன்றும் வீடு பார்க்கப் போனோம், இன்றும் குடம், இன்றும் திரும்பினோம். மன்னிக்குக் கத்தரிக்காய் வாங்க மார்க்கெட் பக்கம் நான் இறங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு திரும்பினால், வேப்பமரத்தடியில் அதே ஆள். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறான். கவிழ்ந்த குடத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

நேரே போய்க் கேட்டேன். எழுந்து நின்றுவிட்டான். பேர் நல்லகாமனாம். "நான் எண்ணெய் யாவாரி இல்லம்மா, மூட்டை தூக்குறவன். தரகரய்யா எந்தத் தெருன்னு சொல்லுவாரு. குடத்தத் தூக்கிட்டு எதுக்க வாரேன், காசு குடுப்பாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

அங்கிருந்து ஹாலாஸ்யம் வீட்டுக்கு நடந்தே போனேன். ஒளிக்கவே இல்லை அந்த மனுஷன். "கோவிச்சுக்காதேங்கோ. எல்லாம் உங்க அண்ணா சாம்பசிவம் சொல்லித்தான். இந்தத் தொழில்லே வாங்கறவாளும் தரகு தருவா, விக்கறவாளும் தருவா. வாங்கவே கூடாதுன்னு தரகு தந்தவர் சாம்பசிவம் ஒருத்தர்தான்."

கத்தரிக்காயை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11

அண்ணாவிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "ஒன் நல்லதுக்குத்தான் ஜானு. தனியா இருந்தா ஊர் என்ன பேசும்?" அடுக்களையிலிருந்து மன்னிதான் வெடித்தாள். "இவ பாட்டுக்குப் போயிட்டா வாடகையை யார் கொடுக்கறது?"

மன்னி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னது அவள்தான். ஆனால் அண்ணா — ஏன் அண்ணா? காசு போதலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுக்கமாட்டேனா? என் பயத்தையே எனக்கு எதிரா நிறுத்தணுமா?

ஜூலை 17, ஞாயிறு

தனியாகவே பழங்காநத்தம் போனேன், முதலில் பார்க்கக் கிளம்பிய தெருவுக்கு. வீடு விற்கவே இல்லை! பாண்டியம்மாள் என்று ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாளுடையது. சமயநல்லூரில் மகனோடு போய் இருக்கப்போகிறாராம்.

"அந்தத் தரகரு இந்தா ஆளு வருது, அந்தா ஆளு வருதுன்னாரு. ஒருத்தரையும் காணோம். ஏன் டீச்சரம்மா வாசல்லயே நிக்கிறீக?"

வெள்ளிக்கிழமை கூட இல்லைதான், ஆனாலும் கைம்பெண் நான், பிறர் வீட்டுப் படியேற எனக்குக் கூச்சம். சொன்னேன். "நானும் தாலி அறுத்தவதான், உள்ள வாங்க" என்றார்.

கிழக்கே பார்த்த வீடு. இரண்டு அறை, உப்புக் கரிக்காத கிணறு. பிடித்துவிட்டது. ஆடி கழியட்டும், பத்திரம் எழுதலாம் என்றார். அதுவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்கும் தந்தார்.

ஆகஸ்ட் 24, புதன்

பத்திரம் பதிவாயிற்று. ரெஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் ஹாலாஸ்யம் நிற்கிறார். "வீட்டை மொதல்லே சொன்னது நான்தானே" என்று தரகு கேட்டார்! பாண்டியம்மாள் பார்த்த பார்வையில் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

பால் காய்ச்சினேன். சுமங்கலிதான் காய்ச்சவேண்டும் என்று மன்னியைக் கூப்பிட்டிருந்தேன். வரவில்லை. குழந்தைகளையும் அனுப்பவில்லை. நானே அடுப்பு மூட்டினேன். பால் பொங்கியது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கென்று ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன், அது ஏடு படிந்து ஆறிப்போயிற்று.

செப்டம்பர் 1, வியாழன்

சம்பள நாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அண்ணா வந்தார். வாங்கோ என்றேன். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, சௌக்கியமா என்று கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "சம்பளம் ஆயாச்சோ?" என்றார்.

"ஆயாச்சு அண்ணா."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சம்பளப் பணம் என் இடுப்பு முடிச்சை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் மாடுகள் திரும்பின. பிறகு எழுந்து, "வரேன்" என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கதவைத் தாழிட்டேன்.