கடித்தவன் நீட்டிய கை

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பதறாதே, எலும்பு முறியவில்லை. நடைதான் தளர்ந்துவிட்டது. தனியாக விட மனமில்லாமல் போன வாரம் அவரையும் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "குரங்கு மேய்க்கிறா" என்று சொல்கிறவர், சிம்பன்சிக் கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இவருதான் நம்ம பாட்டனாக்கும்?" என்று நக்கலடித்தார். "பாட்டன் இல்லப்பா, பங்காளி. அவனுக்கும் நமக்கும் பாட்டன் பொது. அறுபது எழுபது லட்சம் வருஷம் முன்னாடி பிரிஞ்ச குடும்பம்" என்றேன். "பங்காளின்னா சண்டையும் இருக்குமே" என்றார்.

இருந்தது. பெரியவனை நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். அன்று காலைதான் அவன் மாப்பிள்ளை என்கிற இளையவனைக் காதில் கடித்திருந்தான். இருவரும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். போட்ட பழம் போட்ட இடத்தில் கிடந்தது. ரத்தம் நின்றுவிட்டால் நாங்கள் தலையிடுவதில்லை. அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவனை வேற கூண்டுல போடும்மா" என்று நச்சரித்தார். இப்போது பிரித்தால் அப்புறம் சேர்ப்பது கஷ்டம் என்றேன்.

மதியத்துக்கு மேல் மேஸ்திரி மெல்லத் திரும்பினான். இடத்தைவிட்டு எழவில்லை. உள்ளங்கை மேலே தெரிய, கையை மட்டும் நீட்டினான். மாப்பிள்ளை உடனே வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை வலித்தது. பிறகு வந்து அந்தக் கையைத் தொட்டான். மேஸ்திரி அவன் காதோர ரோமத்தை விலக்கி, காயத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"கடிச்சவன்தானே கை நீட்டினான்?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணா, அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் அப்பா. செய்தால் பிழைப்பாள் என்று நீ கையெழுத்துப் போட்டாய். அம்மா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் "நீதான்டா கொன்னுட்ட" என்று அவர் சொன்னது எந்தக் கடிக்கும் மேலே. உன் இடத்தில் நான் இருந்தாலும் வீட்டைவிட்டுப் போயிருப்பேன். அவர் சொன்னது தப்பு. நீ அம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தாய்.

இதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போகிறவர், இன்று போகவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? மேஜைமேல் அவர் கை இருக்கிறது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

அவரால் அவ்வளவுதான் நீட்ட முடியும் அண்ணா. அந்தக் கை வலிக்கும் முன்னே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் தங்கை