ஏழு அடி கேட்ட கச்சேரி

அன்புள்ள குணவதிக்கு,

உன் வீரபத்திரன் மலைக்குளிரில் சிங்கம்போல் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிறு மத்தியானம் எங்கள் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் கச்சேரி. நான்கு பேர் பிடில் வாசித்தார்கள். காலம் ஓடுவதைப் பற்றிய புது இசையாம். நடுவே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி வேண்டுமென்று, தினமும் அதை அடிக்கும் என்னைத் துரையே கெஞ்சினார். ஓர் அடி ஒரு வருடமாம், ஏழு அடி போதுமாம். நான் நிறுத்தவில்லை. லீவு நாளென்பதை மறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனமெல்லாம் கூடையோடு ஓடி வந்துவிட்டது!

"அண்ணே, ஏழுதான்லா சொன்னேன்!" என்றாள் இசை எழுதிய ஷர்மினி.

"ஆளு வர்ற வரைக்கும் அடிக்கிறதுதாம்மா நம்ம பழக்கம்" என்றேன். சபையே எழுந்து கைதட்டியது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏழில் என் கை நிற்கவில்லை, குணா. உன்னை ஊரில் விட்டு நான் இங்கே வந்து பதினோரு வருடம்.

கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. கீழே தானா ராத்தா டவுனில் கிடைக்கும்தான், இருந்தாலும் நீ ஒன்று அனுப்பு.

டவுனுக்கு லாரி கிளம்புகிறது. போன தீபாவளிக்கும் ஊருக்கு வராதது என் தப்புதான். மூன்று மாதமாக நீ போனை எடுக்கவில்லை. திட்டுவதற்காவது எடு.

உன்
வீரபத்திரன்