ஆமாம் என்பவரும் இல்லை என்பவரும்

என் பிரியத்துக்குரிய மாப்ள முருகேசா,

நேற்று மறுபடியும் பேரையூருக்குப் போய் வந்தேன். உன் வீட்டில் சண்டை நடக்கிறது. வேறு யாரிடம் சொல்லி அழ? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, நீ வேலை பார்த்த பேங்க்கில் உன் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துப்போய் ஒரே பெயரைச் சொல்ல வேண்டுமாம். உன் செல்வி, தானே போவதாகச் சொல்கிறாள். உன் அய்யாவோ, உன் தம்பி தவசிக்குத்தான் என்று நிற்கிறார். இந்த மாதத்துக்குள் பெயர் போகாவிட்டால் யாருக்கும் கிடையாது. மருமகள் வேலைக்குப் போவது பெரியவருக்குப் பிடிக்கவில்லை என்று ஊரே பேசுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பஸ் கல்லுப்பட்டி தாண்டும்போது நம் பேங்க் பரீட்சை ஞாபகம் வந்தது. மதுரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிப்போமே. இரண்டு பேர் பேசுவார்கள், அவர்கள் எதில் வேறுபடுகிறார்கள் என்று கேட்கும் கேள்வியில் மட்டும் நான் தவறாமல் கோட்டை விடுவேன். ஆற்றைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பாலம் வேண்டும் என்பான் ஒருவன். படிக்கத்தான் வேண்டும், அதற்குப் பாலம் எதற்கு, இந்தக் கரையிலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டு என்பான் மற்றவன். பிள்ளைகள் படிப்பதில்தான் தகராறு என்று நான் டிக் அடித்து வைப்பேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

"லூசு மாப்ள! ஒவ்வொரு விடையையும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுப் பாரு. ஒருத்தன் ஆமாங்கணும், இன்னொருத்தன் இல்லேங்கணும். ஒருத்தன் வாயே தொறக்கலேன்னா அதுல சண்டையே இல்ல, அடிச்சுப் போட்டுட்டுப் போ."

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று உன் அய்யா முன்னால் போய் உட்கார்ந்தேன். "அய்யா, செல்வி வேலைக்குப் போகக் கூடாதா?" என்றேன்.

"எவன்டா சொன்னது? படிச்ச புள்ள, போகட்டும். மதுரையில வேலைன்னா பேத்தியத் தூக்கிட்டு அங்கிட்டே போயிருவாளேப்பா. மகனும் போயிட்டான். அப்புறம் எனக்கு இங்க என்ன இருக்கு?"

இத்தனை நாளும் அவர் மனதில் இருந்தது இதுதானா? செல்வி போய்விடுவதாகவோ இருப்பதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வழியும் இல்லை. உங்கள் வீட்டில் மாமனார் முன்னால் மருமகள் நின்று பேசுவதில்லையே. அவர் முற்றத்தில் பேசுவார், அவள் அடுப்படிக்குள்ளிருந்து பதில் சொல்வாள், நடுவில் நான் தபால்காரன் மாதிரி நடப்பேன். யாரும் கொடுத்தனுப்பாத கேள்வியை நானும் கொண்டுபோனதில்லை.

நேற்றுக் கொண்டுபோனேன். "தங்கச்சி, வேலை கெடைச்சா இங்கயே இருப்பியான்னு அய்யாவுக்குக் கவலை."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி முற்றத்துக்கே வந்துவிட்டாள். தவசி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"மாமா, நான் எங்கயும் போகல. தெனமும் பஸ்ல போயிட்டு வாரேன். ஆனா எங்க இருக்கணுங்கிறத நாந்தான் சொல்லணும். எனக்காக நீங்க முடிவு பண்ணாதீங்க."

"இந்த வீட்டுல முடிவு சொல்றது நாந்தாம்மா," என்றார் அவர்.

எங்கே இருப்பது என்று செல்வியே முடிவு பண்ணலாமா? ஒருவர் ஆமாம், ஒருவர் இல்லை. கிடைத்துவிட்டது மாப்ள. நீ இருந்திருந்தால் பெஞ்சைத் தட்டியிருப்பாய். எனக்குப் பயம்தான் வந்தது. பரீட்சையில் இதோடு மார்க் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். வீட்டில் இதற்கு மேல் என்ன செய்வது? அதை நீ சொல்லித் தரவில்லையே. மஞ்சள் காமாலை உனக்கு அதற்கு நேரம் தரவில்லை.

அதோடு விடவில்லை உன் அய்யா. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. யாரு பேச்சு ஞாயம்?"

"யோசிச்சுச் சொல்றேங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து வந்துவிட்டேன். செல்வி என்னைப் பார்த்த பார்வை ஊர் வந்து சேரும்வரை கூடவே வந்தது. வாய் திறக்காதவனுக்குச் சண்டையில் பங்கில்லை என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கப் பார்த்தேன். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறாளேடா.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அய்யா கேட்டாலும் கேட்காவிட்டாலும், முடிவு செல்வியுடையது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்பார். அவர் கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன். இருந்தாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் செல்விக்கு அண்ணனாக வந்து நிற்கப்போகிற
உன் மச்சான் சுந்தரம்